"அடுக்குன்னா நடுவுல பிரிஞ்சிக்காதா?": அலுமினியத் தகட்டின் உள்ளே நடப்பது

ஓசூரில் ஒரு சிறு பிரஸ் பட்டறை. அங்கே அச்சுகள் செய்யும் டூல் ரூமில் வேலை செய்யும் மூத்தவர் ஒருவரிடம் விரல் நீளத் தகட்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். கார் ரேடியேட்டர் செய்ய எடுக்கும் புதுத் தகடு அது. "பார்க்க ஒரே அலுமினியம் மாதிரிதான் இருக்கும்ணா. ஆனா உள்ள ரெண்டு வகை இருக்கு, அடுக்கடுக்கா" என்றேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் கீறினார். முன்னும் பின்னும் இரண்டு முறை மடக்கிவிட்டுக் கேட்டார்: "அடுக்குன்னா நடுவுல பிரிஞ்சிக்காதா சார்?"

உலோகவியல் ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியும் இதுதான். அதற்குச் சரியான பதில் சொல்ல, தகட்டின் உள்ளே கொஞ்ச தூரம் போய்வர வேண்டும்.

முதலில், இந்தத் தகடு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு எதற்கு? கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போகும் சாலை கிட்டத்தட்ட 400 மீட்டர் மேலேறுகிறது. ஒரு டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 1.1 யூனிட் ஆற்றல் வேண்டும். உராய்வும் காற்றுத் தடையும் இதில் சேராது. ஸ்கூட்டரில் 10 கிலோ குறைத்தால் இந்த ஏற்றத்தில் மிச்சமாவது ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்குதான். எடையைக் குறைத்தாலே பேட்டரி இரட்டிப்பு தூரம் ஓடும் என்பது போன்ற பேச்சை நான் நம்புவதில்லை. லாரியின் கணக்கு வேறு. 2018-ல் திருத்திய விதிப்படி மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. வரம்பு என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்தது. பாடியில் 500 கிலோ குறைந்தால், ஒவ்வொரு நடையிலும் 500 கிலோ சரக்கு கூடுதலாக ஏறும். தொப்பூர் கணவாயில் பிரேக்கை மிதித்தபடி இறங்கும் ஓட்டுநருக்கு எடை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்ததும், அசோக் லேலண்டின் ஆலை வந்ததும் ஓசூரில்தான். 2021-ல் மின் ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் ஓசூருக்கு வந்தது, அதே தொழிலில் உள்ள ஓலாவின் ஆலை போச்சம்பள்ளியில் எழுந்தது. இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எஃகுத் தகட்டை வெட்டி, அழுத்தி, வளைத்துப் பிழைக்கின்றன. எஃகு அவர்களின் கைக்குப் பழகிய பொருள். அலுமினியத் தகடு அப்படியில்லை. அடுக்கு அலுமினியம் அதைவிடப் புதிது.

ஒரு குழப்பத்தை ஆரம்பத்திலேயே தீர்த்துவிடலாம். விறைப்பு வேறு, வலிமை வேறு. தகட்டை லேசாக வளைத்து விட்டால் பழைய நிலைக்கே திரும்பும். அப்படி வளைவதற்கு அது எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பது விறைப்பு. எந்த அழுத்தத்தில் நிரந்தரமாகச் சப்பிப்போகும், எதில் கிழியும் என்பது வலிமை. விறைப்பில் எஃகு 210 கிகாபாஸ்கல், அலுமினியம் 70, அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆனால் தகட்டின் வளைவு விறைப்பு தடிமனின் முப்படியாக ஏறும். அதனால் 0.8 மி.மீ. எஃகுத் தகட்டுக்கு ஈடு கொடுக்க 1.15 மி.மீ. அலுமினியம் போதும். எஃகில் சதுர மீட்டருக்கு 6.3 கிலோ, அலுமினியத்தில் 3.1 கிலோ. எடை பாதியாகிறது.

அலுமினியத்தை எப்படி அடுக்கினாலும், உள்ளமைப்பை எவ்வளவு நுணுக்கினாலும், அந்த 70 மாறாது. அடுக்குத் தகடு தருவது வலிமையைத்தான். பள்ளம் விழாமல் தாங்கவும், மோதலில் கிழியாமல் மடங்கவும் அது உதவும். வெறும் விறைப்புதான் தேவை என்றால் அதற்கு இது தண்டச் செலவு. விற்க வருபவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டுவிடுவது உண்டு.

இனி உள்ளே போவோம். அலுமினியத் தகட்டை மெருகேற்றி, அமிலம் காட்டி, நுண்ணோக்கியில் வைத்தால் அது ஒரே பாளமாக இருக்காது. சில பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள படிக மணிகள் நெருக்கியடித்து நிற்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். பக்கத்து மணியில் அதே வரிசை வேறு திசையில் சாய்ந்திருக்கும். தகடு வளையும்போது அணு வரிசைகள் ஒட்டுமொத்தமாக நழுவுவதில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் ஒருவர் ஓர் அடி நகர்ந்தால், அந்த இடைவெளி ஆள் ஆளாகப் பின்னுக்குப் போகுமே, அதுபோல ஒரு பிசகு மட்டும் படிகத்துக்குள் ஓடுகிறது. இடப்பிறழ்வு என்பது அதன் பெயர். அது சுலபமாக ஓடினால் உலோகம் மென்மையாக இருக்கும். ஓட்டம் தடைபட்டால் வலிமை கூடும்.

தடுப்பது மணியின் எல்லை. வரிசை தெருமுனையில் திரும்ப வேண்டிய இடத்தில் ஓட்டம் தேங்கும். பின்னால் வரும் பிசகுகளும் அங்கேயே குவியும். மணி சிறிதாகச் சிறிதாகத் தெருமுனைகள் கூடும். 1951-ல் ஹாலும் 1953-ல் பெட்சும் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது: எல்லைகளால் கிடைக்கும் வலிமை, மணி அளவின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகப் போகிறது. மணியை நூறில் ஒன்றாக நுணுக்கினால் அந்தப் பங்கு பத்து மடங்காகும். உலோகத்தில் விலை உயர்ந்த எதையும் கலக்காமலே இந்த வலிமை கிடைக்கிறது என்பதுதான் இதன் கவர்ச்சி.

மணியை நுணுக்க உலோகத்தை மிகக் கடுமையாக உருக்குலைக்க வேண்டும். உருட்டாலையில் விட்டு விட்டு எடுக்கலாம், ஆனால் தகடு மெலிந்துகொண்டே போகும். 1 மி.மீ. தகட்டை எட்டு முறை பாதி பாதியாக மெலித்தால் கடைசியில் கையில் இருப்பது 4 மைக்ரான் படலம். அதை வைத்து வண்டியில் எந்த உறுப்பும் செய்ய முடியாது. 1990-களின் இறுதியில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் சைட்டோ, ட்சுஜி உள்ளிட்டோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தகட்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உருளைகளுக்கு நடுவே விட்டார்கள். தடிமன் பாதியாகும், இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு 1 மி.மீ. தகடுகள் சேர்ந்து மறுபடி 1 மி.மீ. தகடாக வெளியே வரும். அதை இரண்டாக வெட்டி, தேய்த்து, அடுக்கி, மறுபடி உருட்டலாம். ஐந்து சுற்றில் 32 அடுக்கு, எட்டில் 256, பத்தில் 1,024. தடிமன் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும்.

அவர்களின் சோதனையில் 1100 என்ற, ஏறக்குறைய தூய அலுமினியம் 84 மெகாபாஸ்கல் இழுவலிமையில் தொடங்கி எட்டாவது சுற்றில் 304-ஐத் தொட்டது. கார் பாடிக்குப் பயன்படும் மென்மையான எஃகுத் தகட்டின் மட்டத்துக்கு, மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியில், அலுமினியம் வந்துவிட்டது.

பலரும் இங்கே ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள், 256 அடுக்கு இருப்பதால்தான் அந்த வலிமை என்று. எட்டாவது சுற்றில் ஓர் அடுக்கின் தடிமன் சுமார் 4 மைக்ரான். ஆனால் மணிகளின் சராசரி அளவு 0.67 மைக்ரான்தான். ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் பல மணிகள் இருக்கின்றன. அவற்றை நுணுக்கியது திரண்டு சேர்ந்த உருக்குலைவு. தகடு மெலியாமல் அந்த உருக்குலைவைச் சேர்த்துக்கொண்டே போக வழி செய்து கொடுத்தது அடுக்குதல். ஒரே அலுமினியத்தை அடுக்கும்போது, அந்த அடுக்குதல் வெறும் உபாயம். வெவ்வேறு அலுமினியங்களை அடுக்கினால் கதை மாறும், அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வலிமைக்குக் கொடுக்கும் விலை நீட்சி. தொடக்கத்தில் 40 சதவீதத்துக்கு மேல் நீண்டு கொடுத்த அலுமினியம், சில சுற்றுகளிலேயே பத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. "எஃகு கிழியறதுக்கு முன்னாடி மெலிஞ்சு காட்டும் சார். அலுமினியம் சொல்லாம கிழியும்" என்றார் அந்த டூல் ரூம்காரர். சாதாரண அலுமினியத்தைப் பற்றித்தான் அவர் சொன்னார். நுணுக்கிய அலுமினியத்துக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். இழுக்கும்போது ஓரிடம் மெலியத் தொடங்கினால், அந்த இடம் அப்போதே கெட்டிப்பட்டு, நீட்சியைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். அப்படிக் கெட்டிப்பட இடப்பிறழ்வுகள் மணிக்குள் தேங்கிச் சிக்கிக்கொள்ள வேண்டும். மணி அரை மைக்ரான் என்றால் தேங்க இடமேது? ஒரு பக்கம் கிளம்பி மறுபக்க எல்லையில் மறைந்துவிடுகின்றன. மெலிந்த இடம் மேலும் மெலிந்து அங்கேயே அறும்.

இந்த இடத்தில் 2006-ல் வந்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கொல்லுப்பட்டறை தெரிந்த எவரும் அறிந்த விதி: காய்ச்சினால் இளகும், அடித்தால் இறுகும். மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022-ல் அறிவித்தார்கள். நம் மாவட்டத்தில் அந்த விதியின் வயது அவ்வளவு. டென்மார்க்கின் ரீஸோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஷியாவ்ஷூ ஹுவாங், நீல்ஸ் ஹான்சன் ஆகியோரும் ஒசாகாவின் ட்சுஜியும், இப்படி அடுக்கி உருட்டிய அலுமினியத்தை 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தார்கள். அது இளகவில்லை. வலிமை கூடி, நீட்சி குறைந்தது. பிறகு லேசாக உருட்டினார்கள். இறுகுவதற்குப் பதில் இளகி, நன்றாக நீண்டு கொடுத்தது. விதி தலைகீழானது.

காரணம் யோசித்தால் பிடிபடும். மிதமான சூட்டில் மணிக்குள் மிச்சமிருந்த இடப்பிறழ்வுகள் எல்லைகளில் கரைந்துவிடுகின்றன. உலோகம் வளைய வேண்டுமானால் புதிய பிசகுகள் பிறந்தாக வேண்டும், அதற்குக் கூடுதல் அழுத்தம் தேவை. லேசாக உருட்டும்போது ஓடத் தயாரான பிசகுகள் மறுபடி உள்ளே வந்துவிடுகின்றன. இதில் பட்டறைக்கு நேரடியான பாடம் ஒன்று இருக்கிறது. வண்டிப் பாகங்கள் பெயிண்ட் அடுப்பில் போவது 170, 180 டிகிரி அளவில். நுணுக்கிய அலுமினியம் அந்தச் சூட்டில் எப்படி மாறும் என்பதைப் பழைய அனுபவத்தை வைத்து ஊகிக்கக் கூடாது, அந்தத் தகட்டிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

இனி வெவ்வேறு அலுமினியங்களை அடுக்குவது. கார் பாடியில் இரண்டு குடும்பங்கள் புழங்குகின்றன. மக்னீசியம் சேர்ந்த 5000 வரிசை நன்றாக நீளும், சிக்கலான வடிவங்களுக்கு ஏற்றது. ஆனால் இழுக்கும்போது முகப்பில் வரி வரியாகக் கோடு விழும், பெயிண்ட் அடித்தாலும் மறையாது. அதனால் கதவின் உட்பக்கத்துக்கே அது போகிறது. மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்த 6000 வரிசையில் முகப்பு வழவழப்பாக வரும், பெயிண்ட் அடுப்பின் சூட்டிலேயே உள்ளே நுண்துகள்கள் படிந்து இறுகவும் செய்யும். ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பர்க் பல்கலைக்கழகத்தில் 5754, 6014 என்ற இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி உருட்டிப் பார்த்தார்கள். வெளியே 6014-இன் முகம், உள்ளே 5754-இன் உடல்.

இங்கே அடுக்கின் எல்லைக்கே ஒரு வேலை வந்துவிடுகிறது. மென்மையான அடுக்கு முதலில் வளையப் பார்க்கும், ஒட்டியிருக்கும் கெட்டி அடுக்கு அதை விடாது. இந்த இழுபறியில் ஒட்டுக்கு அருகே இடப்பிறழ்வுகள் கூடுதலாகக் குவிந்து, மென்மையான அடுக்கும் இறுகுகிறது. கெட்டி அடுக்கில் ஓரிடம் மெலிய முயன்றால் மென்மையானது இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். இரண்டின் வலிமையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண்ணைவிட நடத்தை மேம்படுவது இதனால்தான். வேறுபாடு மிகையானால் இந்த உறவு முறியும். கெட்டி அடுக்கு உருட்டும்போதே துண்டு துண்டாக அறுந்து, மென்மையானதற்குள் தீவுகளாகச் சிதறிக் கிடக்கும்.

இப்போது டூல் ரூமின் கேள்விக்கு வரலாம். நடுவில் பிரியுமா?

அலுமினியம் காற்றுப் பட்ட கணமே சில நானோமீட்டர் ஆக்சைடு போர்வை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. உலோகம் 660 டிகிரியில் உருகும். அந்தப் போர்வை உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். போர்வையோடு போர்வை சேர்ந்தால் ஒட்டாது. தூரிகையால் தேய்க்கும்போது மேற்பரப்பு கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. உருளைக்குள் தகடு நீளும்போது அந்தக் கடினத் தோல் வெடிக்கும், வெடிப்புகளின் வழியே உள்ளிருக்கும் புது உலோகம் பிதுங்கி வந்து எதிர்த் தகட்டின் புது உலோகத்தைத் தொடும். தொட்ட இடத்தில் ஒட்டு. பசையோ உருக்குதலோ கிடையாது, அணுவோடு அணு. தகடு போதுமான அளவு நீளாவிட்டால் வெடிப்புகள் குறைவு, ஒட்டும் குறைவு. அதனால்தான் ஒரே உருட்டலில் பாதியாகக் குறைக்கிறார்கள். தேய்த்த பிறகு விரல் பட்டாலே அந்த இடம் கெட்டது.

முதல் சுற்றில் உண்டான ஒட்டு, அடுத்த சுற்றுகளிலும் உருளைக்குள் போய் மேலும் மேலும் இறுகும். கடைசிச் சுற்றில் உண்டான ஒட்டு ஒரே ஒரு முறைதான் அழுந்தியிருக்கும். அது தகட்டின் நட்டநடுவில் இருக்கிறது. "நடுவுல பிரியாதா?" என்று அவர் கேட்டது அப்படியே சரி. பிரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் பிரியும். சில நேரம் கொஞ்சம் பிரிவது நல்லதாகவும் முடியும். குறுக்கே வந்த விரிசல் பலவீனமான ஒட்டை அடைந்ததும் பக்கவாட்டில் திரும்பிச் சோர்ந்துபோகும், தகடு முழுதாக இரண்டாகாது. ஆனால் வண்டிக்கு நான் அதை நம்ப மாட்டேன். அதிர்விலும் மழையிலும் அந்தப் பிளவு வளரும்.

ஆய்வகத்தில் இவ்வளவு சாதித்தும் ஒசாகா முறை சுருள் சுருளாகத் தகடு செய்யும் ஆலைக்கு வரவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கழுவி, தேய்த்து, வெட்டி, அடுக்க வேண்டும், ஓரங்கள் வெடிக்கும், வெடித்ததை வெட்டி எறிய வேண்டும். சந்தையில் இருக்கும் அடுக்கு அலுமினியம் வேறு வழிகளில் வந்தது. 1920-களின் இறுதியில் அல்கோவா நிறுவனம் விமானத் தகட்டுக்காகக் கொண்டுவந்த அல்கிளாடில், உள்ளே செம்பு கலந்த வலிய அலுமினியமும் வெளியே அரிப்பைத் தாங்கும் தூய அலுமினியத் தோலும் இருக்கும். 2006-ல் நோவெலிஸ் அறிவித்த முறையில் வார்ப்பிலேயே அடுக்கு உருவாகிறது. ஒரு கலவை உறையத் தொடங்கும் முகத்தின்மேலேயே இன்னொன்றை ஊற்றுவதால், நடுவே ஆக்சைடு போர்வைக்கு இடமில்லை. பிறகு அந்தக் கட்டியையே உருட்டிவிடலாம். மறு ஆண்டே நோவெலிஸை நம் நாட்டு ஹிண்டால்கோ வாங்கியது.

ஆனால் நம் பட்டறைகளை உடனடியாகத் தொடக்கூடியது, நான் கையில் கொடுத்த அந்தத் தகடுதான். நடுவே மாங்கனீசு கலந்த 3003, மேலே ஏழு முதல் பத்து சதவீதம் வரை சிலிக்கான் கலந்த மெல்லிய தோல். தோல் 577 டிகிரியில் உருகத் தொடங்கும், நடுப்பகுதி 640-ஐத் தாண்டியும் உருகாது. பாகங்களைக் கோத்து 600 டிகிரி அடுப்பில் விட்டால், தோல் மட்டும் உருகி ஓடி இடுக்குகளில் நிறைந்து எல்லா மூட்டுகளையும் ஒரே நேரத்தில் ஒட்டிவிடும். ரேடியேட்டர் இப்படித்தான் பிறக்கிறது. மின் கார்களின் பேட்டரிக்கு அடியில் போகும் குளிரூட்டும் தட்டும் அப்படியே. பிரஸ்ஸில் நீர்வழிப் பள்ளங்களை அழுத்தி எடுத்து, மூடித் தகட்டோடு சேர்த்து அடுப்பில் ஒட்டுகிறார்கள்.

இந்த வேலையில் ஒரு மறைவான பொறி உண்டு. பள்ளத்தின் ஆழமான பகுதியில் தகடு நிறைய நீண்டிருக்கும். அங்கே அடுப்பு சூடேறும்போது, தோல் உருகுமுன்பே, நடு உலோகம் புதிதாகப் பெரிய மணிகளாகப் படிகமாகிவிடும். நீளாத பகுதியும் பிரச்சினையில்லை. சில சதவீதம் மட்டும் லேசாக நீண்ட இடங்களில்தான் ஆபத்து. புதுப் படிகமாக அந்த நீட்சி போதாது, உள்ளே இடப்பிறழ்வுச் சிக்கல் மட்டும் மிஞ்சியிருக்கும். உருகிய சிலிக்கான் கலவை அந்த இடத்தில் நடு உலோகத்தை அரித்து உள்ளே இறங்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று நல்ல தட்டு. சுவர் உள்ளுக்குள் மெலிந்திருக்கும், பிறகு ஒரு நாள் அங்கே கசியும். அதனால் ஆழமான வளைவில் கிழிகிறதா என்று பார்ப்பதோடு, லேசாக நீண்ட தோள்பட்டைப் பகுதியையும் வெட்டிப் பார்க்க வேண்டும். எஃகில் பழகிய கண்ணுக்கு இது எளிதில் தோன்றாது.

கழிவு பற்றியும் ஒரு வார்த்தை. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் போகிறது, கழிவை உருக்கினால் அதில் இருபதில் ஒரு பங்கு போதும். அடுக்குத் தகட்டின் கழிவை அடுக்கடுக்காகப் பிரிக்க முடியாது. 5000-உம் 6000-உம் சேர்ந்த தகடு உருகினால் நடுவாந்தரமான ஒரு கலவையாவது மிஞ்சும். சிலிக்கான் தோல் போட்ட தகட்டை மற்றதோடு ஒரே பெட்டியில் கொட்டினால் பெட்டி முழுவதும் வார்ப்புக்குத்தான் லாயக்கு. தனிப் பெட்டி வைப்பது பட்டறைக்கே லாபம்.

கேள்வி கேட்டவருக்கு வாயால் விளக்கியதைவிட, அங்கேயே செய்து காட்டியது அதிகம் புரிந்தது. தகட்டின் விளிம்பை அரத்தால் சமன் செய்து, நுண்ணிய எமரித் தாளில் கண்ணாடிபோலத் தேய்த்தோம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் வைத்து, நீர்த்த காஸ்டிக் சோடாவில் சிறிது நேரம் நனைத்தோம். அதிலிருந்து ஹைட்ரஜன் கிளம்பும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. கழுவி எடுத்தபோது, சிலிக்கான் இருந்த தோல் கரும்சாம்பலாகவும் நடுப்பகுதி வெளிறியும் நின்றன. அவர் டூல் ரூம் லென்ஸை எடுத்து, தான் மடக்கிய இடத்தைத் தேடினார். மடிப்பின் வெளிப்புறத்தில் தோலில் மயிரிழை வெடிப்புகள் இரண்டு தெரிந்தன. இரண்டும் நடுப்பகுதியின் விளிம்பில் வந்து நின்றிருந்தன. தோலின் கரும்கோடு மட்டும் நடுப்பகுதியிலிருந்து எங்கும் விலகாமல் மடிப்போடு சேர்ந்து வளைந்து போயிருந்தது. "இன்னொரு துண்டு இருந்தா குடுங்க சார், அஞ்சாறு தடவ மடக்கிப் பாக்கலாம்" என்றார்.